மஞ்சள் தண்ணீரில் சிவந்த அரிசி

என் பேச்சைக் கேட்டு நாற்பது வீடுகளில் மூன்று நாள் சோற்றுக்கு உலை வைக்கவில்லை. இந்தப் பூமியில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். மற்றதெல்லாம் சின்னச் சின்னத் தவறுகள்.

கண்டிச் சீமையில், பன்விலைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் அரிசி அளந்து போடுகிற வேலை அப்போது எனக்கு. (தகுதி: கங்காணி என் தாய்மாமன்.) கண்டிக் கடைத்தெருப் பலகைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்து நானாகவே எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். அதனால் என் தலை கழுத்தில் சரியாக உட்காராமல் கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருந்தது.

அக்கரையிலிருந்து கப்பலில் வரும் அரிசி, கண்டி வந்து, மாட்டுவண்டியில் மலை ஏறும். எங்கள் கைக்கு வருவதற்குள் கல், மண், வண்டு, எலிப்புழுக்கை எல்லாம் வழியில் ஏறிக்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் சுளகோடு வந்து வரிசையில் நிற்பார்கள். முதல் ஆளாக நிற்பவள் மாரியாயி. காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். நாலு வயது மகள் செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கோப்பிப் பழம் பறிப்பாள்.

"அரிசிக்காரரே, கல்லு போதும். இனிக் கொஞ்சம் அரிசியும் போடுங்க" என்பாள். வரிசையே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். உத்தியோகஸ்தன் சிரிக்கலாமா?

அந்த வருஷம் பழம் பறிக்கும் பருவத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. செல்லத்துக்கு நிற்கவே இல்லை. ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஈரத்துணி மாதிரித் தாயின் தோளில் கிடந்தது. அந்த ஞாயிறு மாரியாயி கேலி பேசவில்லை. அளந்த அரிசியை என் முன்னாலேயே நீட்டினாள்.

"என்னைக்கும் இல்லாத வெள்ளையா இருக்கு. என்னமோ கலந்திருக்காங்க. புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சு. நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

படிச்சவரு. அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே என் புத்தி வேலையை விட்டுப் போய்விட்டது.

வண்டு பிடிக்காமலிருக்கவும் பழைய அரிசி புதிதாகத் தெரியவும் சிலர் சுண்ணாம்பு புரட்டுவார்கள் என்று ஒரு வண்டிக்காரர் சொல்லியிருந்தார். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆலாத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். நானோ முந்தின இரவு நானே கண்டுபிடித்ததுபோலத் தட்டும் மஞ்சளும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன். கூட்டம் சேரும்வரை வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மென்றேன். (வாயில் வெற்றிலை இல்லாமல் எந்தப் பெரிய மனிதரும் பேசி நான் பார்த்ததில்லை.) பிறகு அரிசியை மஞ்சள் தண்ணீரில் போட்டு ஆட்காட்டி விரலால் கலக்கினேன்.

சிவந்தது. குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தது.

கதிரையில் ஏறி நின்று பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. 'விஷம்' என்ற சொல் ஏழெட்டுத் தடவை வந்தது. பெண்கள் வாங்கிய அரிசியைத் திருப்பிக் கொட்டினார்கள். மாமா அரிசி ஸ்டோரைப் பூட்டினார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, வேறு அரிசி வாங்கிவரக் கண்டிக்கு ஆள் அனுப்பினார். மழையில் பாதை சரிந்து வண்டி நடுவழியில் நின்றுவிட்டது.

முதல் நாள் பலாக்கொட்டை அவித்தார்கள். இரண்டாம் நாள் கீழே சிங்களக் கிராமத்தில் கேட்டு வாங்கிய ஈரப்பலாக்காய். மூன்றாம் நாள் கீரை, அதுவும் அரை வயிற்றுக்கு. முதல் நாள் "நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்று கும்பிட்டவர்கள், மூன்றாம் நாள் நான் வருகிற திசையைப் பார்த்துத் துப்பினார்கள்.

அன்று மாலை துரை கணக்கப்பிள்ளையோடு வந்து, அந்த வித்தையைத் தனக்கும் காட்டச் சொன்னார். தைரியத்துக்கு ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு கலக்கினேன். மறுபடியும் சிவப்பு.

மாரியாயி முன்னால் வந்தாள். தான் ஒரு தடவை கலக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். கையைக் கழுவினாள். அதே மூட்டை, அதே மஞ்சள், வேறு தட்டு. கலக்கினாள், கலக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கினாள்.

"அரிசிக்காரரே, சுண்ணாம்பு மூட்டையில இல்ல. உங்க விரல்ல இருக்கு."

கணக்கப்பிள்ளை மொழிபெயர்த்ததும் துரை தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார். பசித்தவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? (அரிசி ஏன் அவ்வளவு வெள்ளை என்றும் பிறகு தெரிந்தது. அந்தத் தடவைதான் வியாபாரி நல்ல அரிசி அனுப்பியிருந்தான்.)

மாரியாயி என் கையை விட்டாள். ஆனால் போகவில்லை.

"மூணு நாளா எம் புள்ள ஒரு பருக்கை திங்கல. இன்னும் நிக்கல. அப்ப இது அரிசி இல்ல. தண்ணி."

எல்லோரும் ஓடையைப் பார்த்தோம். மேலே பழத்தின் தோலை உரித்துக் கழுவுகிற கட்டடத்திலிருந்து அழுகல் தோலும் வழுவழுப்புமாகக் கழிவுநீர் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் நாங்கள் குடம் வைத்தோம். கணக்கப்பிள்ளை அதையும் சொன்னார். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டார்.

"தண்ணியையும் இவன்தான் சோதிச்சானான்னு கேக்குறாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பட்டினி போட்டதை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். என் சோதனையால் தண்ணீர்ப் புகாரும் கேலியாகிப் போனதை நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமா தண்டனை விதித்தார்: பருவம் முடியும்வரை, கட்டடத்துக்கு மேலே இருக்கிற ஊற்றிலிருந்து மாரியாயி வீட்டுக்கு நான் தண்ணீர் சுமக்க வேண்டும். முழங்கால் கழன்றுவிடும் ஏற்றம். மற்றப் பெண்களும் குடத்தோடு மேலே ஏறத் தொடங்கினார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ நாள், செல்லம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். நான் குடத்தை இறக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

பருவம் முடிந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தையில் மாரியாயியைக் கட்டிக்கொண்டேன்.

கோப்பி இலையில் நோய் விழுந்து, காடு முழுக்கத் தேயிலையாகிவிட்டது. செல்லத்துக்கு இப்போது மூன்று பிள்ளைகள். போன வாரம் மருமகன் தேங்காயெண்ணெய்ப் போத்தலை முகர்ந்துவிட்டு, இதில் ஏதோ கலந்திருக்கிறது என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். அவ்வளவுதான்.

"அப்பா, மொதல்ல போயிக் கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் செல்லம், தலை நிமிராமல். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போய்க் கழுவினேன். திரும்பி வருவதற்குள் மாரியாயி எண்ணெயில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தாள்.