ரிஜெக்ட் அக்காவின் மாதக் கடைசி ஞாயிறு

முத்தாபுதுப்பேட்டையில் கோபப்படுவதற்காகவே புத்தகம் படித்த ஒரே ஜீவன் ரிஜெக்ட் அக்காதான். மற்றவர்கள் தூக்கம் வருவதற்குப் படிப்பார்கள். அக்கா படித்தால் தெருவில் யாருக்கும் தூக்கம் வராது. நல்ல மதிய நேரத்தில், "அடப்பாவி, கொன்னுட்டியேடா!" என்று அலறல் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் பதறிக்கொண்டு ஓடிவருவார்கள். பழைய ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஏதோ ஒரு நாவலில் ஏதோ ஒரு கதாநாயகி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் இருந்தவர். மேசைக்கு வருவதைப் பார்த்துவிட்டு தேறியதற்கு "பாஸ்", திருத்தினால் தேறுவதற்கு "ரீவொர்க்", தேறாததற்கு "ரிஜெக்ட்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வார்த்தையை அவர் ஆசையாகச் சொன்னதால் வந்த பெயர் அது. "நூல் அளவுதான்க்கா வித்தியாசம்" என்று மேஸ்திரிகள் கெஞ்சுவார்களாம்.

"அந்த நூலால நாளைக்கு பார்டர்ல துப்பாக்கி சுடாம போச்சுன்னா, நீ போய் நிப்பியா நைனா?"

ஓய்வு பெற்ற கையோடு கிளை நூலகத்தில் உறுப்பினராகி, அதே மூன்று வார்த்தைகளோடு தமிழ் எழுத்தாளர்கள்மேல் பாய்ந்தார்.

மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டு மொட்டைமாடியில் தீர்ப்பு. அந்த மாதம் படித்த புத்தகங்களைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். கேட்பதற்கு ஆள், அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நானும் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரும். கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே நான் பத்திரிகைக்கும் எழுதுவதால், "நீயும் அந்த கும்பல்லதான்டி கீற" என்று என்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாதம். அதைப்போல ஒரு தீர்ப்பு நாளை நாங்கள் பார்த்ததில்லை. முதலில் ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் செல்வம் வீடு தேடி வரும் என்றது அது.

"சர்வீஸ் பூரா நா நாலு மணிக்குத்தான் எய்ந்தேன். இன்னா வந்துச்சு? ஃபேக்டரி பஸ்தான் வந்துச்சு. ரிஜெக்ட்!"

அடுத்தது துப்பறியும் கதை. யாரோ ஒரு புண்ணியவான் கடைசி அத்தியாயத்தை அப்படியே கிழித்துக்கொண்டு போயிருந்தான். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அக்கா பால் போடுபவரைக்கூட முறைத்துக்கொண்டிருந்தார். "கொல பண்ணவன மன்னிச்சுடுவேன். கிய்ச்சவன உடமாட்டேன்" என்று நூலகத்துக்கே போய், "உங்க லைப்ரரிக்குள்ள இவ்ளோ பெரிய அநியாயம் நடந்துகீது, நீங்க இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க?" என்று நூலகரை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

மூன்றாவது, டீச்சர் ஆசையாகச் சிபாரிசு செய்த காதல் கதை. பக்கம் பக்கமாகக் கண்கள் பேசிக்கொண்டன.

"ரெண்டு பேருக்கும் வாய் இல்லியா டீச்சர்? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்ருந்தா மொதோ அத்தியாயத்துலயே கல்யாணம் முடிஞ்சிருக்கும். நானும் துணி தொவைக்கப் போயிருப்பேன்."

டீச்சர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்காவது, ஏரிகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம். அதைத் தடவிக் கொடுத்து, "பாஸ்" என்றார். நாங்கள் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டோம்.

"இன்னாத்துக்கு தட்ற? நல்லா எய்தத் தெரிஞ்சவனுக்கு இன்னா அவசரம்? இத்துனூண்டு எய்திட்டு எங்க ஓடிட்டான்? நா பாட்டுக்கு படிச்சுகினு இருக்கேன், திடீர்னு பின்னட்ட வந்துடுச்சுடி!"

பிடித்த புத்தகத்துக்கே இந்தக் கதி. கடைசிப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. அக்கா கத்தினால் பயமில்லை. குரல் இறங்கினால்தான் ஆபத்து.

அது ஒரு நாவல். தொழிற்சாலைக் குடியிருப்பில் வளரும் ஒரு பெண்ணின் கதை. அவள் சைக்கிளில் பறந்து போய் ரயில் பிடிப்பாள். எல்லோரையும் கிண்டல் பண்ணுவாள். அடுத்தவர் டிபன் பாக்ஸையும் காலி செய்வாள். கடைசிப் பக்கத்தில், ஒரே வரியில், காய்ச்சல் வந்து செத்துப்போவாள்.

"புஸ்தகம் பூரா என் கூடவே ஒக்காந்துகினு இருந்தாடி. ஒத்த லைன்ல அனுப்பிட்டான். காய்ச்சலாம்! ஊர்ல டாக்டர் இல்லியா? ஊட்ல ஒரு ஆளு இல்லியா?"

பின்னட்டையில் எழுத்தாளரின் கைபேசி எண் இருந்தது. பாவம், யாராவது பாராட்டட்டும் என்று போட்டிருப்பார். அக்கா என் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"எய்த்தாளருங்களா? உங்க கதைய படிச்சேன். ஊட்ல இருக்கீங்களா?"

"ரொம்ப சந்தோஷம்மா! பாரிவாக்கத்துலதான் இருக்கேன். எப்ப வேணா வாங்க!"

"இப்பவே வர்றேன்" என்றார் அக்கா. அந்தக் குரலில் இருந்த சூடு அந்த மனிதருக்குப் புரியவில்லை. என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போகும் வழி முழுக்க, பெண்களைக் கொன்று கதையை முடித்த எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் என் காதுக்குள் அர்ச்சனை நடந்தது.

பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் மேல்தளம். கதவு திறந்ததும் எனக்குப் பகீரென்றது. எழுத்தாளர் இஸ்திரி போட்ட சட்டையில், தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு நின்றார். மேசையில் ஆவி பறக்கும் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. படம் எடுக்க அவர் மனைவி கைபேசியோடு தயாராக இருந்தார். அவரைத் தேடி வீட்டுக்கு வரும் முதல் வாசகியாம்.

"திரும்பிடலாம்க்கா" என்று கிசுகிசுத்தேன். காதில் விழுந்ததாக அக்கா காட்டிக்கொள்ளவில்லை.

"கேசரி எடுத்துக்குங்கம்மா."

"அத்த அப்பால துன்னுக்கலாம். அந்தப் பொண்ண ஏன்யா கொன்ன?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "அது வந்தும்மா... கதையோட போக்கு..."

"இன்னா போக்கு? அவ்ளோ நேரம் ஒயுங்கா போய்கினு இருந்த கத, கடசி லைன்ல ஏன் அந்தப் பக்கம் போச்சு? சோம்பேறித்தனம்யா! முடிக்கத் தெரியல, கொன்னுட்ட. பொம்பளன்னா கடசில செத்துடணுமா? எவன் போட்ட ரூலு?"

அவர் மனைவி கைபேசியைக் கீழே இறக்கினார். எழுத்தாளர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் தங்கச்சிம்மா" என்றார். "டெங்கு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சோம். நிஜமாவே அவ்வளவு சீக்கிரந்தான் போயிட்டா."

நான் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அக்காவின் கண்கள் சிவந்தன. குரல் முன்னைவிட ஏறியது.

"அலைஞ்சியா? அது எங்கய்யா புஸ்தகத்துல? யாரு வண்டி ஓட்னது? வழில அவ இன்னா கேட்டா? எத்தப் பாத்து சிரிச்சா?"

"எழுதலாம்னு உட்காருவேன்மா. கை ஓடாது. அதான் ஒரு வரியில..."

"நல்லாக்கீதுய்யா நியாயம்! சைக்கிள் ஓட்ட வச்ச, சிரிக்க வச்ச, எனக்கு பயக்கம் பண்ணி வச்ச. சாவ மட்டும் என்கிட்ட மறைச்சுட்ட. அப்பால நா எப்டிய்யா அயுவறது?"

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஷேர் ஆட்டோவில் அவரது மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள், வழியில் பன்னீர் சோடா கேட்டிருக்கிறாள். அப்புறம் வாங்கித் தருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். "இதெல்லாம் என்கிட்டகூட சொன்னதில்ல" என்றார் அவர் மனைவி. அக்கா இடையிடையே, படுக்கை இல்லை என்று திருப்பியனுப்பிய ஆஸ்பத்திரியைத் திட்டினார், கொசுவைத் திட்டினார், தேங்கிய தண்ணீரை அள்ளாதவர்களைத் திட்டினார். எழுத்தாளரும் சேர்ந்து திட்டினார். திட்டத் திட்ட அவருக்கு வார்த்தை வந்தது.

எல்லாம் முடிந்து, ஆறிப்போன கேசரியை அக்கா எடுத்துச் சாப்பிட்டார். "சக்கர தூக்கல்" என்று எழுத்தாளரின் மனைவியிடம் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது எழுத்தாளரைப் பார்த்து, "ரீவொர்க். இப்ப சொன்னியே, அத்த எய்து" என்றார்.

அவர் எழுதினார். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. அக்கா அதைப் படித்துவிட்டு ஓவென்று அழுதார். அழுது முடித்ததும் போன் போட்டு, அச்சுப்பிழைகளுக்காக அந்த மனிதரை ஒரு வழி பண்ணினார். இப்போது மாதக் கடைசி ஞாயிறுகளில் அவரும் எங்களோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அன்று பாரிவாக்கத்திலிருந்து திரும்பிய வழிதான். பருத்திப்பட்டு ஏரி வந்தும் பின்னால் சத்தமே இல்லை. நான் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் அவர் கை மட்டும் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"யாரையாவது திட்டுக்கா" என்றேன். "யாரும் கிடைக்கலன்னா என்னையாவது திட்டு."