வெற்றிலையால் அள்ளிய திருநீறு

"போன பிறவியில எந்தப் பாம்பை அடிச்சே, ஏட்டி?"

அக்காவுக்குத் துணையாகப் போன என்னிடம் நாகப்பச் சாமி கேட்டார். நான் மண்புழுவைக்கூட மிதித்தவள் இல்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

சங்கரன்கோவிலில் அந்த வருஷம் வேறு பேச்சே கிடையாது. சொறி, சிரங்கு, கரப்பான் எல்லாம் நாக சாபமாம். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸிலும், மேலநீலிதநல்லூரிலிருந்து மாட்டுவண்டியிலும் சனங்கள் சொறிந்துகொண்டே வந்தார்கள். சாமி கையில் திருநீறு போடுவார்; அரித்தால் சாபம். அரிக்காமல் திரும்பியவர் ஒருவருமில்லை. இத்தனை பேர் அடித்துமா வயலில் பாம்பு குறையவில்லை!

கைப்பிள்ளையின் கரப்பானுக்காகப் போன அக்கா பிரம்மநாயகியின் கையும் அரித்தது.

"பிள்ளையோட கரப்பான் தாய் கையிலேருந்து வருது. அவ தொடப்படாது. எண்ணெயும் படப்படாது" என்றார் சாமி.

மாமியார் காந்திமதியம்மாள் அன்றே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அக்கா பால் கட்டி அழுதாள். அங்கே பிள்ளையின் முழங்கை மடிப்பில் ரத்தம்.

ஆஸ்பத்திரி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "கரப்பான் ஒட்டாது. தோல் காய்ஞ்சா அரிக்கும். எண்ணெய் தடவுங்க, நகத்தை வெட்டுங்க, பழைய வேட்டித் துணியில போட்டு வைங்க." ஒரு பாம்புகூட இல்லாத வைத்தியத்தை யார் நம்புவார்?

மாமியார் பிள்ளையோடு சாமியின் பந்தலுக்குப் போன நாளில் நானும் போனேன். அன்றுதான் கவனித்தேன். ஊரில் எல்லாரும் திருநீற்றை விரலால் அள்ளுவார்கள். இந்தச் சாமி வெற்றிலையால் அள்ளினார். தன் நெற்றிக்கு மட்டும் வேறு சம்படத்துத் திருநீறு.

விழுந்து கும்பிட்டேன். எழும்போது தட்டிலிருந்த திருநீற்றை வெற்றிலையால் அள்ளி அவர் பாதத்தில் வைத்து நன்றாகத் தேய்த்தேன். பாதபூஜைதானே!

சாமி நெளிந்தார். காலோடு காலை உரசினார். பிறகு மணையை விட்டே குதித்தார்.

எப்படியோ என் வாய் திறந்தது: "சாமி, நீங்க எந்தப் பாம்பை அடிச்சிய?"

பந்தல் கொல்லென்று சிரித்தது. வெள்ளத்துரை என்ற வயல்காட்டுச் சம்சாரி தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "ஏலே, இது மேல பட்டா அரிக்கிற பூனைக்காலிக் காய்ச் சுணைலா! வேலியில கெடந்த சாபத்தைப் பறிச்சுச் சாம்பல்ல கலந்திருக்கான்வே!"

சாமி கால் கழுவ ஓடினார். ஓடினவர் ஓடினவர்தான்.

தோல் அரித்தால் எண்ணெய் தடவுங்கள், ஊராரே. மூளை அரித்தால் மட்டும் தடவிக் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். அது யோசிக்கப் பார்க்கிறது.

சாயங்காலம் காந்திமதியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை அக்கா மடியில் கிடத்தினாள். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.