இடைவேளையில் பேசியவர்

பயிற்சியாளர் பதவிக்கான விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தில் எதிரொலியின் பேனா நின்றுவிட்டது. ‘அணியை வழிநடத்திய அனுபவம்: எத்தனை ஆண்டுகள்?’

எதிரொலி என்பது தேசியக் கால்பந்து அணி அவருக்கு வைத்த பெயர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் பேசுவதை வீரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது ஐந்து ஆண்டுகளாக அவர் வேலை. அடுத்த பயிற்சியாளர் உள்நாட்டுக்காரர்தான் என்று சங்கம் அறிவித்த நாளிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“சைபர்னு போடுங்க. உண்மைதானே?” என்றாள் மனைவி.

“இல்லடி. இடைவேளையில பயிற்சியாளர் ‘பின்னாடி நின்னு காப்பாத்துங்க’ம்பார். நான் ‘இடது பக்கமா ஏறி அடிங்கடா’ன்னு சொல்லிடுவேன். அஞ்சு வருஷமா அப்படித்தான்.”

“அடப்பாவி மனுஷா!”

“ஜெயிச்சா அவர் படத்தைப் போடறாங்க. ஒரே ஒரு தடவை, சொன்னது நான்தான்னு ஊருக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. “அவர்கிட்டயே ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்குங்க.”

பயிற்சியாளர் உடனே எழுதிக் கொடுத்தார்: ‘நான் சொன்னதை அப்படியே சொல்பவர். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார்.’

எதிரொலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தோடு நேரே சங்கச் செயலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அப்ப அஞ்சு வருஷமா ஏமாத்தியிருக்கீங்க.”

“பதினோரு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம் சார்!”

“இருபது ஆட்டம் தோத்திருக்கோம். அதுவும் நீங்கதானே?”

எதிரொலி இதை யோசித்திருக்கவில்லை.

“வெளியே இருங்க. இந்தப் பயிற்சியாளர் போற வரைக்கும் மொழிபெயர்ப்புக்காவது உங்களை வெச்சுக்கலாமான்னு பார்க்கணும்.”

வாசலில் எதிரே வந்த பயிற்சியாளர் சிரித்துவிட்டு உள்ளே போனார். இருந்த வேலையும் போயிற்று என்று எதிரொலி அணியின் பேருந்தில் ஏறி முன்சீட்டில் சரிந்தார்.

“கடிதத்தைக் காட்டி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்களா சார்?” என்றார் ஓட்டுநர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பயிற்சியாளர்தான் சொன்னார். இப்படி எழுதினாத்தான் இந்த மனுஷனுக்கு ரோஷம் வந்து, சொன்னது தான்தான்னு வாயைத் திறப்பார்னு.”

“உங்களுக்குத்தான் அவர் பாஷை தெரியாதே?”

“அவருக்கு நம்ம பாஷை தெரியும் சார், நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு கேக்கத்தான் மூணு வருஷமா இடைவேளையில வாய்க்கு வந்ததைப் பேசிட்டிருக்கார்.”