மீட்டர்காரரின் ஞாயிற்றுக்கிழமைகள்

மீட்டர்காரர் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்ததைப் பார்த்தேன் என்று மரக்காணத்தில் யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் உட்காரமாட்டார். நாற்காலியின் விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வார், அவ்வளவுதான். உடனே வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆட ஆரம்பிக்கும். மூன்றாவது நிமிடம் எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் படத்தை நேராக்குவார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்திருக்கும். இவர் கை பட்ட பிறகுதான் சாயும்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற பிறகு தானாகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்ட வேலை என்ன தெரியுமா? தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது!

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ஊரில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது என்பதால் நானும் சொல்லப்போவதில்லை. முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்தவர். வாசலோடு நின்று, அட்டையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மீட்டருக்குள் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

2005-இல் நான் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்திருந்தேன். மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் மனைவியும் அவளும் வேலூரிலேயே தங்கிவிட்டார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் நானும் ஒரு ஸ்டவ்வும் குடித்தனம் நடத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தடதடத்தது. வாசலில் மீட்டர்காரர், கையில் சைக்கிள், காதில் பென்சில்.

"ஏம்பா, ஞாயித்துக்கிழமைல என்ன பண்ணுவே?"

"தூங்குவேன் சார்."

"அதான் பாத்தேன். வாசல்ல தொங்குற அட்டைய பாத்தா, ரெண்டு மாசத்துல இருபது யூனிட்கூட ஓடல உன் மீட்டர்ல. மனுஷன் இருக்குற ரூம் மாதிரியே இல்ல. சட்டைய மாட்டு, வா."

"எங்க சார்?"

"வான்றேன்ல."

போகிற வழியில் என்னைக் கேரியரில் உட்காரவைத்து, சைக்கிளை மிதித்துக்கொண்டே விளக்கினார். சுனாமி வந்துபோன பிறகு அந்தப் பக்கம் பல மாதங்கள் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள், படிவம் படிவமாக எழுதினார்கள். "என்ன இல்ல, எவ்ளோ இல்லன்னு எல்லாத்தையும் கேட்டாங்கப்பா. பேச ஆளு இல்லன்றத எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று என்னையே கேட்டார், நான்தான் படிவம் அச்சடித்தவன்போல. ஓய்வு பெற்ற அடுத்த வாரமே நினைவிலிருந்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஒரே பல்பு எரிகிற வீடுகள். மொத்தம் பதினொன்று.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. போகிற இடத்தில் "உடம்பு எப்படி இருக்குது" என்று கேட்கக் கூடாது. "கேட்டா அவங்க பேஷன்ட், நாம டாக்டரு. அப்புறம் எங்கருந்து பேசறது?" பழம் வாங்கிப் போகக் கூடாது, அது ஆஸ்பத்திரி வாடை. முக்கியமான சட்டம், போனதும் எதையாவது தப்பாகச் செய்ய வேண்டும். "வயசானவங்கள எல்லாரும் பாவம் பாவம்னு பாக்குறான். அவங்களுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்பா. அதுக்கு நாம போறோம்."

முதல் வீடு சர்ச்சுக்குப் பின்னால் பிலோமினா டீச்சர் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், எண்பதைத் தொட்டவர், கண் பார்வை மங்கிவிட்டது. மீட்டர்காரர் நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டு செய்தித்தாளை விரித்தார்.

"கடலோர மாவட்டங்கள்ல பரவலா மயை..."

"மயை இல்ல, மழை!" டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாக்கை மடி. எத்தனை வாட்டி சொல்றது? மழை!"

"மளை."

"கர்த்தரே! முதல்ல சொன்னதே பரவால்ல. வாழைப்பழம் சொல்லு."

"வாயப்பயம்."

இருபது நிமிடம் டீச்சர் அவரை வறுத்தெடுத்தார். கன்னம் சிவந்து, குரல் உயர்ந்து, கடைசியில் ஒரு டம்ளர் காப்பியை அவரே தடவித் தடவிப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் மீட்டர்காரர் என்னைத் தனியாக அனுப்பினார். நான் ஒரு தப்பும் இல்லாமல் திருத்தமாக வாசித்தேன். நாலாவது வரியில் டீச்சர் தூங்கிவிட்டார்.

மீட்டர்காரருக்கு நிஜமாகவே ழகரம் வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் தெருவில் யாரிடமோ "கிழக்கால போய் கீழ்த்தெருவுல திரும்புங்க" என்று அவர் வழி சொன்னது தேன் மாதிரி என் காதில் விழுந்தது. ஓடிப்போய் டீச்சரிடம் கோள் சொன்னேன். டீச்சர் சிரித்தார். "எனக்குத் தெரியாதாப்பா? அவன் ஒண்ணாங்கிளாஸ் என்கிட்டதான் படிச்சான். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

பட்டியலில் பதினோராவது வீடுதான் கஷ்டம். உப்பளத்து ஓரம், பாத்திகளுக்கு நடுவே போகும் மண்பாதையின் முடிவில் இருந்தது. அங்கே இருந்தவர் மேஸ்திரி. நாற்பது வருஷம் உப்பளத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர். மனைவி சாகக் கிடந்தபோது மும்பையிலிருந்து மகன் வந்துசேரவில்லை. அவன் வந்தது பால் தெளிக்கும் நாளுக்கு. அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை. மெல்ல மெல்ல ஊரோடும் பேச்சு இல்லை. காலையில் ரேடியோவைப் போட்டால் ராத்திரிவரை ஓடும். அந்த வீட்டில் பேசுவது அது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு நாங்கள் கதவைத் தட்டினோம். கதவு திறந்தது. ஒரு வாளித் தண்ணீர் வந்தது. கதவு மூடியது.

நான் சொட்டச் சொட்ட நின்றேன். மீட்டர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வெயில்ல வந்தோம். மனுஷன் குளுகுளுன்னு அனுப்பறாரு" என்றார்.

இரண்டாவது ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு கிளம்பும்போது மீட்டர்காரரின் சைக்கிள் கூடையில் ஒரு துண்டும் சோப்பும் இருந்தன. கதவு திறந்து தண்ணீர் வந்ததும், அவர் சட்டையைக் கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டு, நிதானமாகக் கழுத்தில் சோப்புப் போட ஆரம்பித்தார். போட்டு முடித்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார்:

"மேஸ்திரி, இன்னொரு வாளி ஊத்துங்க. கண்ணு எரியுது."

கதவு கால்வாசி திறந்தது. மேஸ்திரியின் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குச் சிரிப்பு மறந்துபோயிருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது.

"முதுவு தேச்சு விடணுமாடா உனக்கு?" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களை உள்ளே விட்டார். விட்டு, திட்டினார். அவர் திட்டுக்கு முன்னால் டீச்சரின் திட்டெல்லாம் ஜெபம். மீட்டர்காரர் எழுந்து எழுந்து நடப்பதைப் பார்த்து, "டேய், உக்கார்றா! உன்னப் பாத்தா எனக்கே கிறுகிறுன்னு வருது" என்று கத்துவார். இவர் போய் ரேடியோவின் குமிழைத் திருகி, ஸ்டேஷனைக் கெடுத்துவிட்டு வருவார். அதற்கு இன்னொரு ரவுண்டு.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பாத்தி எது, பாதை எது என்று தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். ஞாயிறு காலை மழை கொஞ்சம் விட்டதும் மீட்டர்காரர் வந்துவிட்டார். "இந்தத் தண்ணியில போகணுமா சார்?" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை.

"தூங்குறாரு போல. அப்புறமா வரலாம் சார்."

மீட்டர்காரர் வாசல் சுவரில் இருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சக்கரம் சுத்தல."

"கரண்ட் இல்லாம இருக்கும்."

"அதோ மோட்டார் கொட்டாய்ல பல்பு எரியுது பாரு. கரண்ட் இருக்குது. மேஸ்திரி முழிச்சுட்டாருன்னா ரேடியோ ஓடணும். அவரு ஆறு மணிக்கு மேல தூங்கி நான் பாத்ததில்ல."

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு ஸ்க்ரூ தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று துருப்பிடித்து அசையவே இல்லை. "எட்டி ஒதைங்க சார்!" என்று கத்தினேன். "தேக்குக் கதவுப்பா, அப்புறம் அவரு..." என்று இழுத்தவர், நடுவில் நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரை வீசிவிட்டு ஓங்கி உதைத்தார். முப்பத்தைந்து வருஷம் எந்த வாசலையும் தாண்டாத மனிதர். மூன்றாவது உதையில் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது.

மேஸ்திரி அடுப்படியில் ஈரத் தரையில் கிடந்தார். முந்தின நாள் ராத்திரி ரேடியோவையும் விளக்கையும் அணைத்துவிட்டு வந்தவர், இருட்டில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"கதவ ஏன்டா ஒடச்சீங்க?"

மீட்டர்காரர் அப்படியே அவர் பக்கத்தில் மண்டியிட்டு, வேட்டியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மோட்டார் கொட்டாயில் இருந்த இரண்டு பேரைக் கூவி அழைத்தேன். உடைந்த கதவையே படுக்கையாக்கி மேஸ்திரியை அதில் கிடத்தி, நாலு பேர் நாலு மூலையைத் தூக்கினோம். தண்ணீருக்குள் பாதை தெரியவில்லை. மேலே படுத்திருந்தவர்தான் வழி சொன்னார். "எடது பக்கம் போங்கடா, அங்க மதகு. டேய் மீட்ரு, காலத் தேச்சுத் தேச்சு வையி. அது வரப்பில்ல, பள்ளம்!" வலியில் முனகுவார், அடுத்த மூச்சில் அதட்டுவார். வழிநெடுக ஒரு இடத்திலும் நாங்கள் தடுக்கி விழவில்லை. நாற்பது வருஷம் நடந்த வரப்பு அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது.

ரோட்டுக்கு வந்து ஒரு வேனைப் பிடித்துப் பாண்டிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண், "நீங்க பேஷன்டுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். மீட்டர்காரர் விழித்தார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. "தம்பின்னு எழுதும்மா. உருப்படாத தம்பி."

மீட்டர்காரர் வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. "பினாயில் நெடிப்பா" என்றார்.

மும்பைக்குப் போன் செய்ததும் அவர்தான். மேஸ்திரி கூடாது என்று சொல்லியும் செய்தார். மகன் அடுத்த நாளே வந்து நின்றான். அப்பாவும் மகனும் இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மகன் கஞ்சியை ஊட்டும்போது சூடாக இருக்கிறது என்று மேஸ்திரி கத்தினார். வராந்தாவில் நடந்துகொண்டிருந்த மீட்டர்காரர் என் கையை அழுத்தினார். "திட்டிட்டாருப்பா! முடிஞ்சுது, இனிமே கவல இல்ல."

பொங்கல் கழிந்து, மேஸ்திரி கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் மகன் அவரைத் தன்னோடு அழைத்துப் போனான். கார் வந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு மேஸ்திரி கண்ணாடியை இறக்கினார்.

"ஞாயித்துக்கிழம வராதடா. நான் இருக்க மாட்டேன்."

"சரி மேஸ்திரி."

"வந்து நின்னுட்டு இருக்காத."

"சரின்னு சொல்றேன்ல."

அந்த ஞாயிறு என் கதவை யாரும் தட்டவில்லை. எட்டு மணிவரை படுத்துக் கிடந்தேன். தூக்கம் வரவில்லை. இத்தனை மாதமும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஏங்கியிருந்தேன், கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து மீன் கடைக்குப் போனேன். நல்ல கொடுவா வந்திருந்தது, வாங்கிக்கொண்டேன். அப்புறமும் மனம் கேட்கவில்லை. பையோடு உப்பளப் பக்கம் நடந்தேன்.

நினைத்தது சரிதான். பூட்டிய வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாத்தியோரம் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார்.

"நல்லதுதானே நடந்துது சார்?"

"நல்லதுதான்பா. நான் இல்லன்னு சொன்னேனா?" கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "என்னமோ, பொழுதே போவல."

அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை மாதமாக நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன். "யாரு இருக்கா? சம்சாரம் போயி ஒம்போது வருஷம் ஆவுது" என்றார், யாரோ ஒருவர் வீட்டு விவரத்தைச் சொல்வதுபோல.

பையை அவரிடம் நீட்டினேன். "இத எப்படி ஆயறதுன்னு எனக்குத் தெரியல சார். ரூமுக்கு வந்து கொஞ்சம் பாருங்க."

பையைத் திறந்து பார்த்தார். "கொடுவாவா? இதக்கூட ஆயத் தெரியாதா? என்னா ஆளுப்பா நீ!" என்று ஆரம்பித்தவர், என் அறை வந்துசேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. அதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் தவறியதில்லை. காலையில் டீச்சர் வீடு, பிறகு மற்ற வீடுகள், மதியம் என் அறை. குழம்பில் கிடக்கும் தலைத்துண்டை ஒவ்வொரு முறையும் அவர் தட்டில்தான் வைப்பேன், சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். எனக்கும் மீனில் அது ஒன்றுதான் பிடிக்கும் என்பதைக் கடைசிவரை நான் அவரிடம் சொல்லவே இல்லை.