கல்யாணத்துக்கு ஒரு போத்தல் ஆசிட்

போன மாசம் ஒரு நாள் பதுளைக்குப் போய் ஒரு போத்தல் ஆசிட் வாங்கிட்டு வர வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான் வேலை.

நான் பசறையில நகைப் பட்டறை வச்சிருக்கேன். பட்டறைன்னதும் பெருசா நினைச்சுராதீங்க. ஒரு மேசை, ஒரு தராசு, பின்பக்கம் ஒரு கொட்டகை, நான். பழைய நகையில செம்பும் வெள்ளியும் கலந்து கிடக்கும். ஆசிட்ல போட்டுத்தான் தங்கத்தைத் தனியா பிரிப்போம். இருந்த ஆசிட் தீர்ந்துபோச்சு.

அவசரம் என்னன்னா, தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்குற செல்வராணி அக்கா, மக கல்யாணத்துக்குத் தாலி செய்யச் சொல்லியிருந்தாங்க. காதுல கிடந்த தோட்டை என் மேசையிலயே கழட்டி வச்சாங்க.

"இந்தத் தங்கம்தான் தாலியில வரணும் தம்பி. வேற தங்கம் எனக்கு வேணாம்."

சொல்லிட்டு ரெண்டு காதுலயும் ஈர்க்குச்சியைச் சொருகிட்டுப் போனாங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அந்த வார வெள்ளிக்கிழமை பொன் உருக்க நாளும் பார்த்தாச்சு.

இன்னொண்ணு. தாலி வேலை கைக்கு வந்துட்டா நாங்க மீன், இறைச்சி தொட மாட்டோம். குடிக்கிற பத்தர்கூட அந்த வாரம் போத்தல் பக்கம் திரும்ப மாட்டார். குடிச்ச கையால செஞ்ச தாலியை எங்க பக்கம் யாரும் கழுத்துல ஏத்த மாட்டாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க.

பதுளையில முதல் கடையில கக்கூஸ் கழுவுற ஆசிட்டை எடுத்து நீட்டினாங்க. ரெண்டாவது கடையில பேட்டரிக்கு ஊத்துறது. மூணாவதா ஒரு கெமிக்கல் கடை. அடையாள அட்டை, பட்டறைப் பதிவு எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க. தடிச்ச போத்தல், சுத்தி மரத்தூள், எல்லாத்தையும் அடக்கி ஒரு பிளாஸ்டிக் வாளி.

"பஸ்ஸுல போறீங்களா? உள்ள என்னான்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. பயந்துருவாங்க"ன்னார் கடைக்காரர். வாங்கின ஆளைத் திட்டாம அறிவுரை சொல்றாரேன்னு தலையாட்டினேன்.

பக்கத்து ஹார்ட்வேர்ல மிச்ச சாமான் வாங்கினேன். புகையை வெளிய இழுக்க நீளமா ஒரு ரப்பர் குழாய், வாய் அகன்ற ஒரு கண்ணாடிச் சாடி, கடைசியில ஆசிட்டோட வீரியத்தை அடக்க ஒரு பாக்கெட் யூரியா.

முதலாளி சாமானைப் பார்த்தார். வாளிக்குள்ள போத்தல் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"எந்தப் பக்கம் தம்பி?"

"பசறைங்க."

"முதல் போத்தல் எனக்கு. மறந்துராதீங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. புரியாத இடத்துல சிரிக்கிறது என் பழக்கம். சிரிச்சுட்டு, "கண்டிப்பா"ன்னு சொல்லி, வாளி, சாமான் எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

பஸ்ஸுல நிக்க இடம் கிடைச்சதே பெரிசு. எங்க பஸ்ஸுல ஒரு நல்ல வழக்கம் இருக்கு. நிக்கிறவங்க பையை உட்கார்ந்திருக்கிறவங்க வாங்கி மடியில வச்சுக்குவாங்க. கேட்கணும்னு இல்ல. அன்னைக்கு எனக்கு முன்னால ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நெத்தி நிறைய திருநீறு.

"பையைக் கொடுங்க தம்பி."

"பரவாயில்லம்மா."

"இந்த வளைவுல பையையும் பிடிச்சுக்கிட்டு எப்படி நிப்பீங்க? கொடுங்க."

இழுத்தாங்க. ஆசிட்டை வச்சுக்கிட்டு இழுபறி பண்ண முடியுமா? விட்டுட்டேன்.

"மெதுவாம்மா. நிமிர்த்தியே வச்சிருங்க. குலுக்கிறாதீங்க."

இப்படிச் சொன்னா யாருதான் எட்டிப் பார்க்க மாட்டாங்க? பார்த்தாங்க. போத்தல், குழாய், சாடி, யூரியா.

"என்னா தம்பி இதெல்லாம்?"

ஆசிட்னு சொன்னா கண்டக்டர் அடுத்த வளைவுலயே இறக்கி விட்டுருவார். தங்க வேலைன்னும் சொல்ல முடியாது. பத்தர் யாரும் பஸ்ஸுல அந்த வார்த்தையை எடுக்க மாட்டோம், பின்னாலயே ஆள் வந்துரும். யோசிச்சு யோசிச்சு ஒரு புத்திசாலித்தனமான பதிலைச் சொன்னேன்.

"ஒரு கல்யாணத்துக்கும்மா."

"கல்யாணத்துக்கு இதுவா?"

"இது இல்லாம எப்படிம்மா கல்யாணம் நடக்கும்?"

அந்த அம்மா முகம் மாறிருச்சு. எனக்கு உறைக்கல.

"எங்க வச்சு செய்யுறீங்க?"

"வீட்டுக்குப் பின்னால கொட்டகை இருக்கு. புகைதான் தாங்க முடியாது. அதான் இந்தக் குழாய்."

"பொலிஸ் வர மாட்டாங்களா?"

ஒரு பொலிஸ்காரருக்கு மோதிரம் செஞ்சு கொடுத்தது ஞாபகம் வந்துச்சு. "அவங்களே வந்து வாங்கிட்டுப் போவாங்கம்மா"ன்னேன், பெருமையா.

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

இங்கயாவது வாயை மூடியிருக்கலாம்.

"நம்ம செல்வராணி அக்கா மகளுக்கு."

அந்த அம்மா என் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. செல்வராணி அக்கா தோட்டத்துக்குப் பிரியுற இடம் வந்துச்சு. அந்த அம்மா எந்திரிச்சாங்க, என் பையோட. விறுவிறுன்னு இறங்கிட்டாங்க.

"அம்மா, பை!"

"தெரியும். நீங்களும் இறங்குங்க."

தோட்டத்து வீடுங்க வரிசையா இருக்குற லயத்துக்கு ஏறுற பாதையில அவங்க முன்னால, நான் பின்னால. ஐம்பது வயசு இருக்கும். என்னால எட்டிப் பிடிக்க முடியல. லயத்துக்கு முன்னால ஓடுற சாக்கடைக் கான்கிட்ட நின்னாங்க. பையிலிருந்த வாளியை இறக்கி, போத்தலை உருவி, மூடியில கையை வச்சாங்க.

"தொறக்காதீங்க! அது ஆசிட்!"

"கசிப்புல ஆசிட் வேற ஊத்துறீங்களா, பாவி?"

அப்பதான் விளங்குச்சு. போத்தல், குழாய், சாடி, யூரியா. கசிப்பு காய்ச்சுறவங்களும் யூரியா போடுவாங்களாம். கொட்டகை, புகை, பொலிஸ். ஹார்ட்வேர் முதலாளியும் அவருக்கு நான் கொடுத்த வாக்கும். கசிப்பு, அதான் கள்ளச் சாராயம், வடிக்கிறவன்னு நானே என் வாயால ஊருக்கு அறிவிச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

சத்தம் கேட்டு லயமே வெளிய வந்துருச்சு. செல்வராணி அக்காவும் ஓடி வந்தாங்க, காதுல ஈர்க்குச்சியோட.

"சம்பந்தி, என்னாச்சு?"

சம்பந்தி. அந்த அம்மா மாப்பிள்ளையோட அம்மா.

"உங்க மக கல்யாணத்துக்குக் கசிப்பு கொண்டு வர்றான் இந்த ஆளு."

"ஐயோ, இவருதான் நம்ம தாலிப் பத்தர்."

அந்த அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "இவரா? அப்ப இந்தக் கையால தாலி வேணாம். பதுளைக் கடையில ரெடிமேடா வாங்கிக்கலாம்."

செல்வராணி அக்கா கை தானா காதுக்குப் போச்சு. "அப்ப என் தோடு?"ன்னாங்க.

எனக்கு அந்த அம்மா மேல கோபம் வரல. அவங்க வீட்டுக்காரரைக் கசிப்புதான் கொண்டு போச்சுன்னு அக்கா என் காதுல சொன்னாங்க. அப்படிப்பட்டவங்ககிட்டதான் நான் பஸ்ஸுல பெருமை பேசியிருக்கேன்.

"அம்மா, இது தங்கம் பிரிக்கிற ஆசிட். நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க. தப்புன்னா நானே வேலையை விட்டுர்றேன்"ன்னேன்.

வெள்ளிக்கிழமை நான் கடை திறக்க முன்னாடியே ரெண்டு சம்பந்தியும் வாசல்ல நின்னாங்க.

"வாயை ஊதுங்க"ன்னாங்க மாப்பிள்ளையோட அம்மா.

ஊதினேன். பூண்டு ரசம்.

ஆசிட் பக்கம் அவங்களை விடல. முன்னால உட்கார வச்சுட்டு, கொட்டகையில வேலையை ஆரம்பிச்சேன். குழாய் வழியா செம்புகை கிளம்புச்சு. எல்லாம் முடிஞ்சு கழுவி எடுத்து அடியில தங்கினதைக் காட்டினா, சேறு மாதிரி கொஞ்சம் பழுப்புத் தூள்.

"இதா என் தோடு?" செல்வராணி அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"எனக்கு அப்பவே தெரியும்"னு மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சாங்க.

"உட்காருங்கம்மா, இன்னும் முடியல."

வெங்காரம் தூவி, குகைங்கிற மண் கிண்ணத்துல போட்டு உருக்கினேன். சேறு சுருண்டுச்சு, மினுங்குச்சு, ஆறினப்ப குண்டுமணி அளவுல மஞ்சளா உட்கார்ந்துச்சு. செல்வராணி அக்கா அதை உள்ளங்கையில வாங்கி, சம்பந்தி கையில வச்சாங்க. அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டு என்கிட்ட நீட்டினாங்க.

"செய்யுங்க தம்பி."

அப்பதான் பின்பக்கம் யாரோ செருமுற சத்தம். எட்டிப் பார்த்தா, புகையைப் பார்த்துட்டு வேலிக்கு அந்தப் பக்கம் மூணு பேரு வரிசையா நிக்கிறாங்க, கையில காலிப் போத்தலோட. நான் வாயைத் திறக்கல. திறந்தா என்ன ஆகும்னு தெரியும். மாப்பிள்ளையோட அம்மாவே விளக்குமாறை எடுத்துக்கிட்டுப் போய் விளக்கம் கொடுத்தாங்க.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. என் கையால செஞ்ச தாலிதான் ஏறுச்சு. பந்தியில என்னை முதல் வரிசையில உட்கார வச்சு, மாப்பிள்ளையோட அம்மாவே வந்து பரிமாறினாங்க. எல்லாருக்கும் சோடாப் போத்தலை அப்படியே வச்சுட்டுப் போனாங்க. என்னோடதை மட்டும் திறந்து, மோந்து பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க.