நூறு புள்ளி நம்பிக்கை

எண்பத்தைந்தாம் வருஷம். மலைநாட்டில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வாசலில் மூன்று மளிகைக் கடைகள் இருந்தன. தேயிலை விலை சரிந்து, லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிச் சனத்தில் பாதி திரிங்காப் ஊர்ப் பூந்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விட்ட சமயம். வட்டாரத்தின் பொருளாதாரத்தைக் கண்டறியும் பொருட்டு விஜயன் என்ற ஆய்வு அதிகாரி மலைமேல் எழுந்தருளினார்.

"அடுத்த மூணு மாசம் வியாபாரம் கூடுமா, குறையுமா?"

"குறையும் லா," என்றார் முதல் கடைக்காரர் நாகரத்தினம். பக்கத்துக் கடை பக்கிரிசாமியும் எதிர்க்கடை வேலப்பனும் அதையே சொன்னார்கள். கூடும் என்றவர்களின் விழுக்காட்டிலிருந்து குறையும் என்றவர்களின் விழுக்காட்டைக் கழித்தால் வருவது நம்பிக்கைக் குறியீடு. வந்தது மைனஸ் நூறு.

அதிகாரி அடுத்த முறை வந்தபோது வேலப்பன் கடையில் பூட்டுத் தொங்கியது.

"அவனையும் கணக்குல சேக்கணும்ல?" என்றார் நாகரத்தினம்.

"பூட்டு பதில் சொல்லாதுங்க. பதில் சொல்றவங்களை மட்டுந்தான் எண்ணணும்."

வேலப்பனின் வாடிக்கையாளர்கள் இப்போது தன்னிடம் வருவதால் நாகரத்தினம் உள்ளதை உள்ளபடி "கூடும்" என்றார். பக்கிரிசாமி "குறையும்" என்றார். குறியீடு பூஜ்யம். ஒரே தாவலில் நூறு புள்ளி முன்னேற்றம் கண்டதற்காக அதிகாரிக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது.

மூன்றாம் முறை பக்கிரிசாமியும் கடையைச் சாத்தியிருந்தார். மிஞ்சிய ஒரே வியாபாரி "கூடும்" என்றார். 'மலைநாட்டு வணிகர்களிடம் பூரண நம்பிக்கை' என்று பேப்பரில் வந்தது.

அந்த வாரமே லயத்தில் இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. நாகரத்தினம் தோட்டத்துக் கணக்கரான கிராணி ராதாகிருஷ்ணனிடம் ஓடினார்.

"ஐயா, கடை வாடகையக் கொஞ்சம் கொறைங்கய்யா. அரிசியில வண்டு விழுந்துருச்சு, வாங்க ஆளில்ல."

கிராணி பேப்பரை விரித்தார். "பூரண நம்பிக்கைன்னு நீதானப்பா சொல்லியிருக்க? தோட்டத்துத் துரை வாடகையக் கூட்டச் சொல்லிட்டாரு."

நாகரத்தினம் கடையைக் காலி செய்தார். தராசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மலையடிவாரத்துத் தாப்பாவில் தங்கச்சி வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆய்வுக்குப் பதில் சொல்ல யாருமில்லை. விஜயன் அசரவில்லை. 'இவ்வட்டாரத்தில் வியாபாரம் குறையும் என்று கூறிய வணிகர் ஒருவர்கூட இலர்' என்று அறிக்கை வெளியிட்டார்.

முடிவெட்டும் கடையில் நாகரத்தினம் அதைப் பேப்பரில் படித்தார். "அவசரப்பட்டுட்டேனே!" பாதித் தலையோடு எழுந்து ஓடி பஸ் பிடித்தார். வழியில் லயத்துக் குடும்பங்களின் சட்டி, பானை, கட்டிலோடு ஒரு லோரி எதிரே இறங்கியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேப்பரை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

கிராணி ஆபீஸ் வாசலில் பக்கிரிசாமியும் வேலப்பனும் பேப்பரும் கையுமாக முன்னமே நின்றார்கள்.

"வாடகை ரெண்டு மடங்கு," என்றார் கிராணி.

"பரவால்ல லா," என்று மூவரும் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.