மாப்பிள்ளையின் கூடையில் நான் ஏறியது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இரு. உன் வீட்டுக்காரரின் சுகத்தை நான் விசாரிப்பதில்லை. என்னைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்துகொண்ட நாள் முதல் அவரோடு பேசுவதில்லை என்ற என் விரதம் நேற்று வரை பழுதில்லாமல் இருந்தது.

நேற்று என் பழைய அலுவலகத்தின் வெளிக் கண்ணாடியைக் கழுவ அவர் பூம் லிஃப்டோடு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை வைத்த அந்த வண்டியைத் தூர நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். "ஏறிப் பாக்குறீங்களா மாமா?" என்றார். வாய் திறந்து மறுத்தால் விரதம் கெடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டி, என்னைக் கூடையோடு கொக்கி போட்டுவிட்டார்.

நேராக மேலே போகும் என்று நினைத்தேன். அது முழங்கையை மடக்கி நீட்டி ஒட்டகம் போல எழுந்தது. நாலு மாடி உயரம் போனதும் கீழே வண்டியின் உடம்பே திரும்ப, நாங்கள் வானத்தில் அரை வட்டம் போட்டோம். போதாதென்று கூடையும் தன் பங்குக்குத் தனியாகத் திரும்பியது. பிறகு அதே உயரத்தில் வண்டி நகர ஆரம்பித்தது. கீழே சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் மேலே எங்களுக்கு ஊஞ்சல். "பின்னாடி போகுதே" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "உடம்பு திரும்பிட்டா முன்ன பின்ன மாறிடும் மாமா" என்றார் நிதானமாக. "அப்போ எப்படி நிறுத்துறது?" "மிதியிலேர்ந்து காலை எடுத்தா நின்னுடும்." குனிந்து பார்த்தேன். மிதியின் மேல் அவர் கால். அவர் கால் மேல் என் கால். இவ்வளவு நேரமும் நான் ஏறி நின்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

காலை எடுத்தேன், அவரும் எடுத்தார். வண்டி நின்ற இடம் என் பழைய மேலாளரின் ஜன்னல். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவர் கண் விழித்து, அந்தரத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நான் காலமாகிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். "மாப்பிள்ளை, கீழ இறக்குங்க" என்றேன். அந்தரத்தில் சொன்ன உறவுமுறை தரையில் செல்லாது.

ஆகவே மகளே, இந்த வேலை நம் குடும்பத்துக்கு ஆகாது. தரையில் நடக்கும் வேலை ஏதாவது பார்க்கச் சொல். நீ நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். அவரும் கூடவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதைப் படித்த உன் அம்மா, "இறங்கினதும் இன்னொரு சுத்துன்னு கேட்டதை ஏன் எழுதல?" என்கிறாள். அவள் அவரோடு தினமும் போனில் பேசுகிறாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கேட்டது உண்மைதான். மூன்று சுற்று போனோம். நாளை வடக்குப் பக்கக் கண்ணாடியாம், என்னைச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார். வேலையை விடும் பேச்சை அதுவரை எடுக்காதே.